நீலப் பென்சில், சிவப்புப் பென்சில்: கோட்பாடுகளைப் பற்றிய கோட்பாட்டைக் கையாளும் முறை

என் ஆய்வேடு மறதியைப் பற்றியது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் நாலாம் இயலைத் திறந்து, நான் வரைந்திருந்த படத்தின்மேல் விரலை வைத்தார். மூன்று கட்டங்களில் மூன்று கோட்பாடுகள், நடுவே அம்புக்குறிகள். “முதல் கட்டத்தின்படி நினைவு தேய்ந்து அழிந்துவிட்டது. மூன்றாவது கட்டத்தின்படி அது உள்ளேதான் இருக்கிறது, எடுக்கத்தான் வழி கிடைக்கவில்லை. இரண்டையும் அம்பு போட்டு இணைத்திருக்கிறீர்கள். அழிந்துபோனதை எப்படி அம்மா தேடி எடுப்பது?”

எனக்குப் பதில் வரவில்லை. அந்த இயலைத் திருத்தி எழுத ஆறு மாதம் பிடித்தது. அவர் கேட்டது மறதியைப் பற்றிய கேள்வியே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மறதியைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். மறதிக் கோட்பாடுகளைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்ததில்லை. இப்போது ஆய்வு மாணவர்களின் கோட்பாட்டு இயல்களைப் படித்துத் திருத்துவது என் வேலையில் பாதி. அவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி வந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

கோட்பாடு என்ற சொல்லுக்குள் ‘கொள்’ என்ற வினை இருக்கிறது. உலகம் இப்படித்தான் இயங்குகிறது என்று ஒருவர் கொள்வது கோட்பாடு. அப்படிக் கொள்ள அவருக்கு என்ன உரிமை, அதைக் கொண்டால் வேறு எதை விடவேண்டும், எந்தச் சான்றைக் கண்டால் கைவிடுவார் என்றெல்லாம் கேட்டு, அந்தப் பதில்களை ஒழுங்குபடுத்தினால் அது மீகோட்பாடு. ‘நேரம் ஆக ஆக நினைவு தேய்கிறது’ என்பது கோட்பாடு. ‘நேரத்தைக் காரணமாகச் சொல்லும் கோட்பாடு எதையும் விளக்குவதில்லை’ என்பது மீகோட்பாட்டுக் கூற்று. முதலாவது மனிதர்களைப் பார்த்துப் பேசுகிறது. இரண்டாவது முதலாவதைப் பார்த்துப் பேசுகிறது.

இந்த இரண்டு நிலைகளையும் பிரித்து வைப்பதுதான் முதல் வேலை. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

நிறம் தீட்டுதல்

நீலம், சிவப்பு என்று இரண்டு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இயலிலிருந்து ஒரு பத்தியை அச்செடுங்கள். உலகத்தைப் பற்றிப் பேசும் வாக்கியத்தின் கீழே நீலக் கோடு, கோட்பாட்டைப் பற்றிப் பேசும் வாக்கியத்தின் கீழே சிவப்புக் கோடு. ஒரு மாணவியின் பத்தியைக் காட்டுகிறேன். அதில் வரும் தேய்வுக் கோட்பாடு, காலப்போக்கில் நினைவு தேய்கிறது என்பது. குறுக்கீட்டுக் கோட்பாடு, வேறு அனுபவங்கள் வந்து குறுக்கிடுவதால் மறக்கிறோம் என்பது:

“கற்றபின் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறந்தார்கள். எனவே குறுக்கீட்டுக் கோட்பாடு உண்மை. தேய்வுக் கோட்பாடு காலத்தையே காரணமாகச் சொல்கிறது. குறுக்கீட்டுக் கோட்பாடு எளிமையானது என்பதால் மனம் அவ்வாறே இயங்குகிறது.”

முதல் வாக்கியம் நீலம். அதில் சந்தேகமில்லை. 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் வெளியிட்ட சோதனை அது. இரண்டே பேருக்குப் பொருளற்ற அசைகளின் பட்டியலைக் கற்றுக்கொடுத்து, தூங்கவிட்டும் விழித்திருக்க வைத்தும், 1, 2, 4, 8 மணி நேரம் கழித்துக் கேட்டார்கள். 8 மணி நேரம் விழித்திருந்தால் பத்து அசையில் ஏறத்தாழ ஒன்றுதான் மிஞ்சியது. தூங்கி எழுந்தால் ஏறத்தாழப் பாதி மிஞ்சியது.

இரண்டாவது வாக்கியத்துக்கு மாணவி நீலம் தீட்டியிருந்தார். “மேடம், இது முடிவுதானே?” என்றார். முடிவுதான். ஆனால் எதைப் பற்றிய முடிவு? ‘உண்மை’ என்ற சொல் அங்கே ஒரு கோட்பாட்டின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, மனிதர்களின் தலையில் இல்லை. அது சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு. நான்காவதில்தான் உண்மையான கோளாறு. வாக்கியம் சிவப்பில் தொடங்கி, ‘என்பதால்’ என்ற இடத்தில் நிறம் மாறி, நீலத்தில் முடிகிறது. கோட்பாடு எளிமையாக இருப்பது கோட்பாட்டின் குணம். அந்தக் குணத்தைக் காட்டி மனம் அப்படித்தான் இயங்கும் என்று சொல்ல முடியாது. ஒரே வாக்கியத்தில் இரண்டு நிறமும் வந்தால் அங்கே நிறுத்தி, வாக்கியத்தை வெட்டிப் பாருங்கள். வெட்டியபின் இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு வாதம் காணாமல் போயிருப்பது தெரியும்.

இதில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ‘என்று’, ‘என்பது’, ‘என்கிறது’ ஆகிய சொற்கள் வரும் இடத்தில் பெரும்பாலும் நிலை மாறுகிறது. “மறதிக்குக் காரணம் காலம்” என்று எழுதினால் அதற்கு நீங்கள் பொறுப்பு. “மறதிக்குக் காரணம் காலம் என்கிறது தேய்வுக் கோட்பாடு” என்றால் அதற்கு அந்தக் கோட்பாடு பொறுப்பு. ஆய்வேடுகளில் நான் அதிகம் சேர்க்கும் சொல் இந்த ‘என்கிறது’தான். அது விடுபட்ட இடத்தில் யார் குரல் பேசுகிறது என்றே தெரியாமல் போகிறது.

சிவப்பு வாக்கியம் என்ன வேலை செய்யும்

மீகோட்பாடு வெறும் வகைப்படுத்தல், அதனால் ஒன்றும் நகராது என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மாணவியின் மூன்றாவது வாக்கியத்தையே பாருங்கள். 1932-இல் மெக்கியோ என்ற உளவியலாளர் தேய்வுக் கோட்பாட்டைத் தாக்கிய விதம் எனக்கு இன்னும் பிரமிப்பூட்டுகிறது. இரும்பு நாளடைவில் துருப்பிடிக்கிறது. துருவுக்குக் காரணம் நாளா? இல்லை, ஆக்சிஜனேற்றம். நாள் என்பது அந்த வினை நடப்பதற்கான இடைவெளி மட்டுமே. அதேபோல ‘நாளானதால் மறந்தது’ என்று சொல்லும் கோட்பாடு, காரணம் இருக்கவேண்டிய இடத்தில் கடிகாரத்தை வைத்திருக்கிறது. இந்த வாதத்துக்குப் புதிய சோதனை எதுவும் தேவைப்படவில்லை. ‘காரணம் என்று எதை ஏற்கலாம்’ என்ற சிவப்புக் கேள்வியைக் கேட்டதே போதுமாக இருந்தது.

அது தேய்வுக் கோட்பாட்டைக் கொன்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ‘காலப்போக்கில் மூளையில் இன்ன மாற்றம் நடக்கிறது’ என்று ஒருவர் காட்டினால் அவர் ஆக்சிஜனேற்றத்தைக் காட்டிவிட்டார் என்று பொருள். அந்தத் தாக்குதலால் கோட்பாடு சாகவில்லை, தான் எதைக் காட்டவேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டது.

இரண்டாவது வாக்கியம் இன்னும் சுவையானது. தூங்கியவர்கள் குறைவாக மறந்தார்கள், ஏனெனில் தூக்கத்தில் புதிதாக எதுவும் வந்து குறுக்கிடவில்லை என்கிறது குறுக்கீட்டுக் கோட்பாடு. நல்லது. ஆனால் 1900-இலேயே முல்லர், பில்செக்கர் என்ற இருவர், கற்றவை உள்ளே நிலைப்படச் சற்று நேரம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தூக்கம் அந்த நிலைப்படுதலுக்கு உதவுகிறது என்று கொள்பவருக்கும் இதே 1924-ஆம் ஆண்டுச் சோதனை கைகொடுக்கிறது. ஒரே சான்றுக்கு இரண்டு உரிமையாளர்கள். ‘எனவே’ என்ற சொல்லை மாணவி அவ்வளவு எளிதாகப் போட்டிருக்கக்கூடாது.

இப்படி ஆகும்போது செய்யவேண்டியது என்ன? ஒவ்வொரு கோட்பாட்டிடமும் “நீ எது நடக்காது என்கிறாய்?” என்று கேளுங்கள். எது நடக்கும் என்று கேட்டால் எல்லாக் கோட்பாடும் தாராளமாகப் பேசும். எது நடக்காது என்று கேட்டால்தான் வேலி தெரியும். அறிவியல் தத்துவவியலாளர் கார்ல் பாப்பர் 1934-இல் பொய்ப்பித்தலைப் பற்றி (ஒரு கோட்பாட்டைப் பொய்யென்று காட்டக்கூடிய சான்று இருக்கவேண்டும் என்பதைப் பற்றி) எழுதியதன் நடைமுறைப் பயன் என்று நான் கொள்வது இந்த ஒரு கேள்வியைத்தான். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஒரு தாளில் மூன்று ‘நடக்காது’களை எழுதிப் பாருங்கள். மூன்று கிடைக்காவிட்டால் ஒன்றாவது வேண்டும். ஒன்றுகூட வரவில்லை என்றால் அந்தக் கோட்பாட்டை இயலில் வைத்திருப்பதற்கு வேறு நல்ல காரணம் வேண்டும்.

படியேறிப் பார்த்தவர்கள்

முல்லர் பேராசிரியராக இருந்த அதே கோட்டிங்கன் நகரில்தான் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட்டும் இருந்தார். நிலைகளைப் பிரிப்பதை ஒரு துறையாகவே ஆக்கியவர் அவர். 1920-களில் அவர் முன்வைத்த மீகணிதம் கணித நிறுவலையே ஆராயும் பொருளாக எடுத்துக்கொண்டது. எண்களைப் பற்றி நிறுவுவது கணிதம். ‘இந்த எடுகோள்களிலிருந்து முரண்பாடு எதுவும் வராது’ என்று நிறுவுவது மீகணிதம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவருக்கு யூக்ளிடின் இணைகோட்டு எடுகோளைத்தான் சொல்வேன். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியே அதற்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் உண்டு என்று அதைச் சொல்லலாம். மற்ற எடுகோள்களிலிருந்து அதை வருவித்துவிடலாம் என்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்றார்கள். கோட்பாட்டுக்கு உள்ளேயே நின்று முயன்றவரை, இன்று வராதது நாளை வரும் என்ற நம்பிக்கையை விட வழியே இல்லை. அந்த எடுகோளை மறுக்கும் வடிவியலை லோபச்செவ்ஸ்கி 1829-இலும் போயாய் 1832-இலும் வெளியிட்டார்கள். 1868-இல் பெல்ட்ராமி அந்தப் புதிய வடிவியலுக்கு யூக்ளிடின் வடிவியலுக்குள்ளேயே ஒரு மாதிரியைக் கட்டிக்காட்டினார். புதியதில் முரண் இருந்தால் பழையதிலும் முரண் இருந்தாக வேண்டும். ஆகவே அந்த வருவிப்பு நடக்கவே நடக்காது. ‘இதை இங்கிருந்து நிறுவ முடியாது’ என்ற அறிவு கோட்பாட்டுக்கு வெளியே வந்து நின்றவருக்கே கிடைக்கும். எத்தனை பேரின் உழைப்பை அது மிச்சப்படுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

படியேறுவதற்கும் எல்லை உண்டு. அதையும் இதே துறைதான் கண்டுபிடித்தது. 1931-இல் குர்ட் கோடல் வெளியிட்ட முடிவின்படி, எண்கணிதத்தைத் தாங்கும் அளவு வலுவுள்ள, விதிகளாக எழுதிவைக்கக்கூடிய, முரணற்ற எந்த அமைப்பும் தன் முரணின்மையைத் தானே நிறுவ முடியாது. 1936-இல் கென்ட்சன் எண்கணிதத்தின் முரணின்மையை நிறுவியபோது, அந்த அமைப்புக்குள் கிடைக்காத ஒரு வழிமுறையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு மொழியின் வாக்கியங்களுக்கு ‘உண்மை’ என்றால் என்ன என்பதை அதே மொழிக்குள் வரையறுத்துவிட முடியாது, அந்த மொழியைப் பற்றிப் பேச அதைவிட வளமான மீமொழி வேண்டும் என்று காட்டினார் தர்க்கவியலாளர் டார்ஸ்கி. கணிதம் பயிலாதவர்களும் இதிலிருந்து ஓர் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளலாம்: உங்கள் கோட்பாட்டை அதே கோட்பாட்டின் அளவுகோலால் அளந்து ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். ஆய்வேடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. இதற்கு மேல் கோடலை இழுத்துச் செல்லவேண்டாம் என்பதும் என் கருத்து. அவர் முடிவு குறிப்பிட்ட வகை அமைப்புகளைப் பற்றியது. சமூகத்தைப் பற்றியோ மனத்தைப் பற்றியோ எழுதும்போது ‘கோடல் காட்டியபடி’ என்று தொடங்கும் வாக்கியத்தைக் கண்டால் நான் அடித்துவிடுவேன்.

ஒரே செயல், இரண்டு விளைவு

கோட்பாட்டை ஒரு நாளில் வைத்து மதிப்பிட முடியாது. யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை என்றபோது நியூட்டனின் கோட்பாட்டை விட்டுவிடாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று கொண்டார் வானியலாளர் லெவெரியே. அவர் சொன்ன இடத்துக்கு மிக அருகில், 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்தில் காலே என்ற வானியலாளர் நெப்டியூனைக் கண்டார். புதனின் சுற்றுப்பாதையும் கணக்கோடு ஒத்துவரவில்லை. 1859-இல் லெவெரியே அதே வழியில் போனார்: சூரியனுக்கு அருகே வேறு ஏதோ பொருள் இருக்கவேண்டும் என்றார். ‘வல்கன்’ என்று பெயர்கூட வைத்துத் தேடினார்கள். அப்படி எதுவும் இல்லை. நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) என்ற அந்தச் சிறு மிச்சத்தை 1915-இல் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் விளக்கியது.

லெவெரியே முதல்முறை அறிவோடும் இரண்டாம்முறை பிடிவாதத்தோடும் நடந்துகொண்டார் என்று சொல்ல முடியுமா? இரண்டு முறையும் செய்தது ஒன்றேதான். இதனால்தான் அறிவியல் தத்துவவியலாளர் இம்ரே லக்கடோஷ் சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. கோட்பாட்டின் நடுவே விட்டுக்கொடுக்காத கருமையம் ஒன்று, அதைச் சுற்றித் திருத்திக்கொள்ளக்கூடிய துணைக் கருத்துகளின் காப்பு வளையம் ஒன்று. வளையத்தில் செய்த திருத்தம் புதிதாக ஒன்றை முன்கூட்டிச் சொல்லி, அது நடந்தால் கோட்பாடு முன்னேறுகிறது. திருத்தம் ஓட்டையை அடைக்க மட்டுமே பயன்பட்டால் அது தேய்கிறது. உங்கள் இயலில் உள்ள கோட்பாட்டுக்கு இதைச் செய்து பாருங்கள்: அது கடைசியாகத் திருத்திக்கொண்டது எப்போது, எதற்காக, அதன்பின் அது புதிதாக எதைச் சொன்னது? அரைப் பக்கம் எழுதினால் போதும். பல மாணவர்களுக்கு இந்த அரைப் பக்கம்தான் இயலின் முதுகெலும்பாகிவிடுகிறது.

நல்ல கோட்பாட்டைத் தேர்ந்தெடுக்க அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் சொன்ன ஐந்து அளவுகோல்களை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: துல்லியம், முரணின்மை, பரப்பு, எளிமை, மேலும் ஆய்வுக்கு வழிதிறக்கும் வளம். பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடுகிறார்கள். அளவுகோல்கள் ஒன்றோடொன்று மோதும், எதற்கு எவ்வளவு எடை என்பதில் நல்ல அறிவியலாளர்களே வேறுபடலாம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. மதிப்பெண் அட்டவணை வேண்டாம். எந்த இரண்டு அளவுகோல் உங்கள் இயலில் மோதுகிறது, நீங்கள் எதன் பக்கம் நின்றீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

பிறர் கோட்பாட்டோடு நிற்கும் ஏழு விதம்

முன்னாய்வுகளைத் தொகுக்கும் பகுதிக்கு நான் கொடுக்கும் கருவி நன்னூல் பாயிரத்திலிருந்து எடுத்தது. நூல் என்றால் என்ன என்பதை நூலுக்குள் நுழையும் முன்பே பேசும் பகுதி அது. அங்கே ‘எழுவகை மதம்’ வருகிறது. மதம் என்றால் அங்கே கொள்கை. பிறர் கொள்கைக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்துதல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், எவரோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்ளுதல்.

பிறர் கோட்பாட்டைப் பற்றி எழுதும் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் இந்த ஏழில் ஒன்றின் பெயரைச் சிவப்பில் எழுதுங்கள். ‘இன்னார் இவ்வாறு கூறுகிறார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகரும் பத்திகளுக்கு எந்தப் பெயரும் பொருந்தாது. அவற்றை எடுத்துவிடலாம், அல்லது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று முடிவு செய்து திரும்ப எழுதலாம். மறுத்தலும் குற்றம் காட்டலும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். மெக்கியோவின் துரு வாதம் குற்றம் காட்டல். 1924-இன் சோதனையைத் தேய்வுக் கோட்பாட்டுக்கு எதிராக நிறுத்துவது மறுத்தல்.

இணைக்கும் முன்

இனி என் பழைய படத்துக்கு வருகிறேன். இரண்டு கோட்பாடுகளை இணைக்கும் முன் அவற்றுக்குப் பொதுவான சொற்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு கோட்பாட்டின்படியும் பொருள் எழுதுங்கள். நான் எழுதியிருந்தால் ‘மறதி’ என்ற முதல் சொல்லிலேயே நின்றிருப்பேன். தேய்வுக் கோட்பாட்டில் மறதி என்றால் தடம் அழிதல். 1966-இல் டல்விங், பெர்ல்ஸ்டோன் செய்த சோதனையில், பட்டியலில் இருந்த சொற்களை நினைவுகூர முடியாதவர்களுக்கு அவற்றின் வகைப்பெயரைக் கொடுத்ததும் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். இருந்தது, எட்டவில்லை. அங்கே மறதி என்றால் எட்டாமை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து, நடுவே அம்பும் போட்டிருந்தேன்.

பொருள் வேறுபட்டால் இணைக்கவே கூடாது என்று இல்லை. ஒரு கோட்பாடு ஒரு வகை மறதிக்கும் மற்றது இன்னொரு வகைக்கும் என்று எல்லை பிரிக்கலாம். ஒன்றின் சொல்லை மற்றதன் சொல்லால் பெயர்த்து எழுதலாம். எதைச் செய்தாலும் அம்புக்குறியின்மேல் அதை எழுதவேண்டும். பெயரில்லாத அம்பு வேண்டவே வேண்டாம்.

எதற்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்பதும் முன்பே தெளிவாக இருக்கட்டும். சமூகவியலில் ஜார்ஜ் ரிட்சர் மூன்று நோக்கங்களைப் பிரித்தார்: இருக்கும் கோட்பாட்டை ஆழமாகப் புரிந்துகொள்ள, புதிய கோட்பாடு கட்ட முன்தயாரிப்பாக, எல்லாவற்றையும் தழுவும் ஒரு பார்வையை உருவாக்க. மாணவர்கள் மூன்றாவதற்கு ஆசைப்படுகிறார்கள். முதலாவதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

சிவப்பைப் பற்றியே மேலும் சிவப்பு எழுத ஆசை வரும். மீகோட்பாட்டைப் பற்றி ஒரு மீகோட்பாடு, அதன்மேல் இன்னொன்று. ஒவ்வொரு சிவப்பு வாக்கியத்திடமும் “நீ சரியென்றால் எந்த நீல வாக்கியம் மாறும்?” என்று கேளுங்கள். எதுவும் மாறாது என்றால் அந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த மாணவி இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பத்தியைக் கொண்டுவந்தார். நான்காவது வாக்கியம் போயிருந்தது. ‘எனவே’ இருந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: “இச்சான்று இரண்டு கோட்பாடுகளுக்கும் ஒத்துவருகிறது. கற்றது முதல் சோதிப்பது வரையுள்ள 24 மணி நேரத்தில் தூக்கமும் விழிப்பும் சம அளவாக இருந்தால், எப்போது தூங்கினாலும் வேறுபாடு இராது என்கிறது விழிப்பின் மொத்த அளவை மட்டும் எண்ணும் குறுக்கீட்டுக் கோட்பாடு. உடனே தூங்கியவர் முந்துவார் என்கிறது நிலைப்படுதல் கோட்பாடு.” அடுத்த பக்கத்தில் சோதனைத் திட்டம். உடனே தூங்கும் குழு ஒன்று, விழித்திருந்து பிறகு தூங்கும் குழு ஒன்று.

ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்வியும் எழுதிவைத்திருந்தார். நிலைப்படாத நினைவைத்தான் குறுக்கீடு கலைக்கிறது என்று குறுக்கீட்டுக் கோட்பாடு தன்னைத் திருத்திக்கொண்டால், அப்போதும் அது குறுக்கீட்டுக் கோட்பாடுதானா? அன்று மாலை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.